மால்டாவில் கப்பல் நிற்கும் ஒரு பகலும் ஓர் உள்ளூர் ஓட்டுநரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் இருக்கும் மால்டாத் தீவில் சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் புறப்பட்டுவிடுகின்றன. முன்பதிவு எதுவும் செய்யாமல் கப்பலிலிருந்து இறங்கி, துறைமுகத்திலேயே ஒரு வண்டியையும் ஓட்டுநரையும் அமர்த்திக்கொண்டு அந்தப் பகலைக் கழிக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

முன்பதிவு இல்லாமல் இறங்கி, அங்கேயே வண்டி பிடித்துச் சுற்ற முடியுமா?

முடியும். மத்தியதரைத் தீவுகளில் இதற்கு மிகவும் ஏற்ற இடங்களில் ஒன்று மால்டா என்பது என் கருத்து. சில தீவுகளில் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுக்கு வரிசையில் காத்திருந்துதான் கரை சேர வேண்டும். தலைநகர் வல்லெட்டாவின் பெருந்துறைமுகத்திலோ கப்பல் கரையை ஒட்டியே நிற்பதால், இறங்கிச் சில நிமிடங்களில் சாலைக்கு வந்துவிடலாம். மால்ட்டிய மொழியோடு ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் ஓட்டுநரிடம் பேசிப் புரியவைப்பதில் சிக்கல் இருக்காது. 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவு என்பதால் வண்டிகளும் நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன.

தீவின் நீளம் 27 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 14.5 கிலோமீட்டர். இந்த அளவைப் பார்த்துவிட்டு, அரை நாளில் தீவு முழுவதையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவோர் உண்டு. அந்தக் கணக்கு பலிக்காது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இந்தச் சிறிய நாட்டில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் பதிவாகியிருக்கின்றன, சாலைகளோ குறுகலானவை. துறைமுகத்திலிருந்து எம்டினா என்ற பழைய கோட்டை நகரம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான் என்றாலும், போக்குவரத்தைப் பொறுத்து அரை மணி நேரத்திலும் போகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம்.

கப்பல் நிறுவனமே சுற்றுலா நடத்தும்போது தனி ஓட்டுநர் எதற்கு?

கப்பலின் சுற்றுலாவில் கிடைக்கும் பெரிய நன்மை, பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும் அல்லது உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஏற்கும் என்பதுதான். அதற்கு ஈடாக, நாற்பது ஐம்பது பேர் இறங்கி ஏறும் வரை ஒவ்வோர் இடத்திலும் காத்திருக்கிறீர்கள். வழிகாட்டி கொடியைத் தூக்கியதும் நகர்கிறீர்கள்; பிடித்த இடத்தில் பத்து நிமிடம் கூடுதலாக நிற்க முடிவதில்லை. மூன்று அல்லது நான்கு பேர் சேர்ந்து ஒரு காரை அமர்த்தினால் தலைக்கு ஆகும் செலவும் பெரும்பாலும் குறையும். தனியாகப் பயணம் செய்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் உடன் வரக்கூடியவர்களைக் கப்பலிலேயே முதல் நாள் தேடிக்கொள்ளலாம், இல்லையென்றால் வல்லெட்டாவை நடந்தே பார்க்கலாம்.

ஓட்டுநரை எங்கே தேடுவது? யாரை நம்புவது?

கப்பல்கள் நிற்கும் பின்டோ துறையில், அன்று மால்டாவை ஆண்ட புனித யோவான் வீரர் சபையின் பெருந்தலைவர் பின்டோ 1752-இல் கட்டிய 19 சரக்குக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. இப்போது அவற்றில் பெரும்பாலும் உணவகங்களும் கடைகளும்தான் இயங்குகின்றன. பயணிகள் முனையத்தை விட்டு வெளியே வருமுன் உள்ள டாக்சி முகப்பில், எந்த இடத்துக்கு எவ்வளவு, காத்திருந்து அழைத்துவர எவ்வளவு என்ற நிர்ணயக் கட்டணங்களைக் கேட்டறியலாம்; பணம் கட்டினால் சீட்டும் தருவார்கள். பேரம் பேசப் பிடிக்காதவர்களுக்கு இதுவே போதும். வெளியே வந்து பேச நினைப்பவர்களும் முதலில் அந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு வெளியேறுவது நல்லது, ஏனென்றால் கையில் ஓர் அளவுகோல் இல்லாமல் பேசப்படும் பேரத்தில் எப்போதும் ஓட்டுநரே வெல்வார்.

வெளியே வெள்ளை டாக்சிகளும், குதிரை வண்டிகளும், படங்கள் ஒட்டிய அட்டையைக் கையில் ஏந்திய முகவர்களும் இருப்பார்கள். சாலையில் நின்றபடி பயணிகளை ஏற்றிக்கொள்ளும் உரிமை வெள்ளை டாக்சிகளுக்கு உண்டு. மற்ற வாடகைக் கார்களைத் தொலைபேசியிலோ செயலியிலோ முன்னதாகப் பதிவு செய்துதான் ஏற வேண்டும். ஆகவே, வெள்ளை நிறமில்லாத தனியார் காரைக் காட்டி "வாருங்கள், குறைந்த விலைக்கே சுற்றிக்காட்டுகிறேன்" என்று அழைப்பவரைத் தவிர்த்துவிடுங்கள். விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீட்டுக் கேள்விகள் எழும்.

போல்ட், ஊபர், ஈகேப்ஸ் ஆகிய செயலிகளும் இங்கே இயங்குகின்றன. அவற்றில் வரும் ஓட்டுநர்களில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் செயலி வண்டி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கு உரியது. நீங்கள் கோயிலைப் பார்த்துவிட்டு வரும்வரை அது காத்திருக்காது என்பதால், மாற்று ஏற்பாடாக மட்டும் அதைக் கைப்பேசியில் வைத்திருங்கள்.

வண்டியில் ஏறுமுன் என்னென்ன பேசி முடிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பேச வேண்டியது இடங்களின் பட்டியலை அல்ல, நேரத்தை. எத்தனை மணி நேரம், எந்த நேரத்துக்குள் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும், மொத்த வண்டிக்கு எவ்வளவு, கூடுதலாகும் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு என்பவற்றை இருவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும். பட்டியலைப் பேசி ஏறினால், எட்டு இடம் காட்டுவதாகச் சொன்னவர் எட்டு இடங்களிலும் வண்டியை நிறுத்தாமலே "இதுதான் அது" என்று சன்னல் வழியே காட்டிக்கொண்டு போக வாய்ப்புண்டு. நேரத்தைப் பேசி ஏறினால், அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பது உங்கள் கையில் இருக்கும்.

நல்ல ஓட்டுநரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். நாங்கள் அமர்த்திய நரைத்த தலைக்காரர், நான் ஆர்வத்தில் ஏழு ஊர்ப் பெயர்களை அடுக்கியபோது எதற்கும் தலையாட்டவில்லை. காரின் முன்மூடியில் விரித்திருந்த, மடிப்புகளெல்லாம் கிழிந்து ஒட்டுப்போட்ட வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்து, "கப்பல் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். விடையைக் கேட்டுக்கொண்டு, பெட்ரோல் ரசீது ஒன்றின் பின்புறத்தில் நாங்கள் திரும்ப வேண்டிய நேரத்தைப் பேனாவால் பெரிதாக எழுதி, தலைக்கு மேலிருக்கும் வெயில்மறைப்பில் செருகிக்கொண்டார். அதன் பிறகுதான் வரைபடத்தில் நகத்தால் கோடு இழுத்து, ஏழில் நான்கை அடித்தார்.

பணத்தை முடிவில் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். முனையத்து முகப்பில் முன்கூட்டியே கட்டியிருந்தால் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வண்டி எண்ணையும் ஓட்டுநரின் கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொள்வதோடு, ஒருமுறை அந்த எண்ணுக்கு அழைத்து அவர் கைப்பேசி ஒலிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் எம்டினா வாசலில் இது கைகொடுக்கும்.

எவ்வளவு கேட்பார்கள்? பேரம் பேசலாமா?

கட்டணம் பருவத்துக்கும் அன்று துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப மாறுகிறது. மூன்று பெரிய கப்பல்கள் ஒன்றாக வந்திருக்கும் நாளில் யாரும் விலையைக் குறைக்க மாட்டார்கள். உங்கள் கப்பல் அதே இடங்களுக்கு நடத்தும் அரை நாள் சுற்றுலாவுக்குத் தலைக்கு 60 யூரோ என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 240 யூரோ ஆகிறது. ஓட்டுநர் மொத்த வண்டிக்கும் கேட்பது அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பத்து யூரோவுக்காக அரை மணி நேரம் வாதாடுவது, தீவில் உங்களுக்கு இருக்கும் ஐந்து மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கை வீணாக்குவதாகும்.

அவர் சொல்லும் தொகை வண்டிக்கா, தலைக்கா என்பதைக் கட்டாயம் கேளுங்கள்; பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இதைக் கேட்காததால் வருகின்றன. 2008 முதல் மால்டாவின் நாணயம் யூரோ. அட்டை வாங்குவதாகச் சொன்னவரின் கருவி கடைசி நேரத்தில் வேலை செய்யாமல் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்பதால் ரொக்கமாகவும் கையில் கொஞ்சம் இருக்கட்டும். அன்பளிப்பு கட்டாயம் இல்லை. மனநிறைவாக இருந்தால் தொகையை மேல்நோக்கி முழுமையாக்கிக் கொடுக்கலாம்.

நான்கு அல்லது ஐந்து மணி நேரத்தில் எதையெல்லாம் பார்க்கலாம்?

மூன்று இடங்களில் இறங்கலாம், ஒன்றிரண்டை வழியில் நின்று பார்க்கலாம். தீவின் தென்மேற்குப் பகுதியை ஒரு வட்டமாகச் சுற்றி வருவதே பெரும்பாலான ஓட்டுநர்கள் சொல்லும் வழி: எம்டினாவும் அதையொட்டிய ரபாத்தும், பிறகு டிங்லி பாறைச்சரிவு, அங்கிருந்து ஹஜார் ஈம் கோயில், அதற்குக் கீழே புளூ குரோட்டோ என்னும் நீலக் குகை, பிறகு துறைமுகம். கப்பல்களின் பேருந்துகள் காலையில் பெரும்பாலும் எம்டினாவுக்கே முதலில் போவதால், இதே வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றச் சொல்லுங்கள். காலையில் குகைக்குள் விழும் ஒளி நன்றாக இருக்கும், கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். எம்டினாவுக்கு நீங்கள் போய்ச் சேரும்போது பேருந்துக் கூட்டமும் கலைந்திருக்கும்.

ஹஜார் ஈம் கோயில் கி.மு. 3600-க்கும் 3200-க்கும் இடைப்பட்ட காலத்தது. எகிப்தின் பெரிய பிரமிடுகளைவிடப் பல நூற்றாண்டுகள் முந்திய இந்தக் கற்கோயிலைக் கட்டியவர்களிடம் உலோகக் கருவிகள் இருக்கவில்லை. மென்மையான சுண்ணாம்புக்கல் வெயிலிலும் மழையிலும் அரிபட்டு வந்ததால், 2009-இல் அதன்மேல் வெண்ணிறக் கூடாரம் ஒன்றைப் போட்டார்கள். புகைப்படத்துக்கு அது அழகில்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆகஸ்டு வெயிலில் அதன் நிழலில் நின்று பார்த்தவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். அங்கிருந்து சரிவில் அரை கிலோமீட்டர் இறங்கினால் இம்நாய்த்ரா கோயில். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்களில் எழும் சூரியனின் ஒளி அதன் வாயில் வழியே நேராக உள்ளே விழுமாறு கட்டப்பட்டிருக்கிறது. எதிரே கடலில் தெரியும் ஃபில்ஃப்லா என்ற சிறு தீவு, 1971 வரை பிரிட்டிஷ் படைகளின் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு இலக்காக இருந்தது.

டிங்லியில் கால் மணி நேரம் போதும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 250 மீட்டர் உயரத்தில் நிலம் சட்டென்று முடிந்துவிடுகிறது. விளிம்பில் பல இடங்களில் கைப்பிடிச் சுவரே இல்லை. குழந்தைகளின் கையை விட்டுவிடாதீர்கள்.

எம்டினாவுக்குத் தாராளமாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இடைக்காலம் வரை தீவின் தலைநகராக இருந்த இந்தக் கோட்டை நகரில் இப்போது முந்நூறு பேர்கூட வசிப்பதில்லை. உள்ளே வசிப்பவர்களின் வண்டிகளும் திருமணம், இறுதிச் சடங்கு, அவசர உதவி ஆகியவற்றுக்கான வண்டிகளும் தவிர மற்றவற்றுக்கு அனுமதி இல்லை. உங்கள் ஓட்டுநர் 1724-இல் கட்டப்பட்ட வாயிலுக்கு வெளியே இறக்கிவிடுவார். வளைந்து வளைந்து போகும் சந்துகளில் வரைபடம் இல்லாமல் நடக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் சில நிமிடங்களில் மதிலைத் தொட்டுவிடுவீர்கள். வடக்கு மதிலிலிருந்து பார்த்தால் மோஸ்டா தேவாலயத்தின் பெரிய குவிமாடம் தெரியும். 1942 ஏப்ரல் 9 அன்று, வழிபாட்டுக்காக மக்கள் கூடியிருந்த நேரத்தில் ஜெர்மானிய விமானம் வீசிய குண்டு அந்தக் குவிமாடத்தைத் துளைத்து உள்ளே விழுந்தும் வெடிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்க்க விரும்பினால் பட்டியலிலிருந்து வேறொன்றை நீக்க வேண்டியிருக்கும். நான் டிங்லியை நீக்குவேன்.

ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருப்பாரா?

வண்டிக்குள் இருப்பார், வெளியே இருக்க மாட்டார். மால்டாவில் சுற்றுலா வழிகாட்டிகளுக்குத் தனி உரிமம் உண்டு. உரிமம் பெற்றவர்கள் அடையாள அட்டை அணிந்திருப்பார்கள். அது இல்லாத ஓட்டுநர் கோயிலுக்குள் வந்து விளக்கவில்லை என்று குறைப்பட வேண்டாம். ஆனால் எந்த ஊரின் திருவிழாவில் வாணவேடிக்கை பெரிது, எந்த வீட்டுக் கல்லின் நிறம் ஏன் மாறுகிறது, தன் பாட்டி போர்க்காலத்தில் எந்தச் சுரங்கத்தில் ஒளிந்தார் என்பதையெல்லாம் உரிமம் பெற்ற வழிகாட்டியைவிட ஓட்டுநர் நன்றாகவே சொல்வார். முன்னிருக்கையில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே போனால் இது தானாக வரும்.

நீலக் குகைக்குள் படகில் போவது எப்போதும் சாத்தியமா?

இல்லை. காற்றும் அலையும் இருந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் நாள்கணக்கில் ஓடாமலும் இருக்கும். போகும் வழியிலேயே படகு ஓடுகிறதா என்று ஓட்டுநரைத் தொலைபேசியில் கேட்கச் சொன்னால் வீண் அலைச்சல் மிச்சம். பயணம் ஏறக்குறைய 20 நிமிடம். உயிர்காப்பு உடை அணிந்து, சிறு படகில் கூட்டமாக உட்கார வேண்டும். படகுக் கட்டணம் ஓட்டுநருக்குக் கொடுக்கும் தொகையில் சேராது. கோயில் நுழைவுச் சீட்டும் அப்படியே. படகு ஓடாவிட்டால் சாலையோரத்து மேட்டிலிருந்து குகையின் பெருவளைவைப் பார்க்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

ஹைபோஜியமும் கரவாஜியோவின் ஓவியமும் அன்றைக்கே கிடைக்குமா?

ஹால் சாஃப்லியேனி ஹைபோஜியம் என்ற நிலத்தடிக் கல்லறைக்கூடத்தை மறந்துவிடுங்கள். உள்ளேயுள்ள காற்றின் ஈரத்தைக் காக்கும்பொருட்டு மணிக்குப் பத்துப் பேரை மட்டுமே அனுமதிப்பதால், வாரக்கணக்கில் முன்கூட்டியே சீட்டு வாங்கியவர்களுக்குத்தான் இடம். எந்த ஓட்டுநராவது உள்ளே அழைத்துப் போவதாகச் சொன்னால், அவர் வாசலைக் காட்டப் போகிறார் என்று பொருள்.

வல்லெட்டாவின் புனித யோவான் இணைப் பேராலயத்தில் இருக்கும், யோவானின் தலை வெட்டப்படும் காட்சியைக் காட்டும் ஓவியத்தை அன்றைக்கே சீட்டு வாங்கிப் பார்க்கலாம். 1608-இல் வரையப்பட்ட இது, இத்தாலிய ஓவியர் கரவாஜியோ கையெழுத்திட்ட ஒரே ஓவியம். வழியும் இரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. தோளை மூடிய உடை வேண்டும். தரையெங்கும் பரவியிருக்கும் பளிங்குக் கல்லறைகள் சேதமாகும் என்பதால் கூர்முனைக் குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை. இதற்கு வண்டியும் தேவையில்லை. சுற்றி முடித்தபின் ஓட்டுநரை வல்லெட்டாவின் நகர வாயிலில் இறக்கிவிடச் சொல்லிவிட்டு, பிறகு நடந்தே கப்பலுக்குப் போய்விடலாம்.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை வந்தால்?

திட்டத்தை மாற்றி, காலையிலேயே மார்சஷ்லொக் மீனவக் கிராமத்துக்குப் போங்கள். வாரச்சந்தையும் மீன் கடைகளும் ஞாயிறு காலையில்தான் களைகட்டும்; நண்பகலுக்குள் மீன் தீர்ந்துவிடும், நிறுத்த இடம் கிடைக்காமல் வண்டிகள் திணறும். நீலம், மஞ்சள், சிவப்புப் பட்டைகள் தீட்டிய லுட்சு படகுகளின் முன்பக்கத்தில் இரு கண்கள் செதுக்கப்பட்டிருக்கும். அவை மீனவர்களைக் கடலின் தீமையிலிருந்து காக்கும் என்பது பழைய நம்பிக்கை. 1989 டிசம்பரில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் பனிப்போரின் முடிவைப் பேசிய சந்திப்பு நடந்ததும் இந்த விரிகுடாவில்தான். போர்க்கப்பல்களில் மாறி மாறிச் சந்திக்கப் போட்ட திட்டத்தைப் புயல் குலைத்துவிட, இங்கே நின்றிருந்த மாக்சிம் கார்க்கி என்ற சோவியத் பயணிகள் கப்பலில் பேச்சு நடந்தது. இரு வல்லரசுகளின் பயணத்திட்டமே மால்டாக் காற்றுக்கு நிற்கவில்லை என்பதை, படகுச் சவாரி ரத்தானதற்கு வருந்துவோர் நினைத்துக்கொள்ளலாம்.

கோசோ தீவுக்கும் போய்வரலாமா?

ஒரு பகலுக்குள் வேண்டாம். வடமுனையில் உள்ள சிர்கெவ்வாவுக்கு வண்டியில் போய், வாகனப் படகுக்குக் காத்திருந்து, 25 நிமிடம் கடந்து, திரும்பும்போதும் அதையே செய்ய வேண்டும். 2021 முதல் வல்லெட்டாவிலிருந்தே விரைவுப் படகு ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் போகிறது. ஆனால் கடல் கொந்தளித்தால் அது நின்றுவிடும், நீங்கள் மறுகரையில் மாட்டிக்கொள்வீர்கள். பழைய படங்களில் பார்த்து ஆசைப்படும், கோசோவின் அசூர் சன்னல் என்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது.

ஓட்டுநர் கடைக்கு அழைத்துப் போனால் என்ன செய்வது?

போகும் வழியில் தா ஆலி கைவினைக் கிராமத்தில் நிறுத்தலாமா என்று கேட்பார். இரண்டாம் உலகப் போரில் விமானத்தளமாக இருந்த இடத்தில் அமைந்த இந்தக் கிராமத்தில் கண்ணாடி ஊதுவதையும் வெள்ளிக் கம்பி வேலையையும் நேரில் பார்க்கலாம். அதில் ஆர்வம் இருந்தால் இறங்குங்கள். அவருக்குக் கடையில் பங்கு கிடைக்கக்கூடும் என்பது ஊரறிந்த செய்தி, அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆர்வம் இல்லையென்றால் "கடை வேண்டாம், அந்த நேரத்தையும் எம்டினாவுக்குக் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் வற்புறுத்துவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு, அதுவும் சைவர்களுக்கு, என்ன கிடைக்கும்?

உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். ரபாத்தில் ஒரு சிறு கடையில் நின்றபடியே பஸ்தித்சி சாப்பிடுவது நல்லது: நம் ஊர் பஃப்சைப் போல அடுக்கடுக்காக நொறுங்கும் மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியையோ மசித்த பட்டாணியையோ வைத்து, அடுப்பில் சுட்டுச் சூடாகத் தருவார்கள். பட்டாணி வைத்தது நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். கண்டிப்பான சைவர்கள் மாவில் சேர்த்த கொழுப்பு எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஃப்திரா என்ற வட்ட ரொட்டியில் தக்காளி, ஆலிவ், கேப்பர் மொட்டுகளோடு சூரை மீனையும் வைப்பது வழக்கமாதலால், மீன் வேண்டாம் என்று வாங்குமுன் சொல்லிவிட வேண்டும். கின்னி என்ற உள்ளூர்ப் பானம் கசக்கும். ஒரு புட்டியை நால்வராகப் பகிர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தச் சுற்று ஒத்துவருமா?

ஒத்துவரும்; பேருந்தைவிட இதுவே வசதி. எம்டினாவுக்குள் பாதை பெரும்பாலும் சமமானது, ஆனால் தேய்ந்த சுண்ணாம்புக் கற்கள் மழையில் வழுக்கும். இம்நாய்த்ராவுக்கு இறங்கினால் திரும்ப ஏற வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் ஹஜார் ஈமோடு நிறுத்திக்கொள்ளலாம். நீலக் குகைப் படகுத்துறைக்கும் செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கான இருக்கை எல்லா டாக்சியிலும் இருக்காது. கேட்டுப் பார்த்து, இருக்கிற வண்டியை அமர்த்துங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் மால்டா 2007 முதல் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் பயணம் செய்வோர் செல்லத்தக்க ஷெங்கன் விசா வைத்திருக்க வேண்டும். கப்பல் நடுவில் துருக்கிக்கோ துனிசியாவுக்கோ போய்த் திரும்புமானால், ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. பல கப்பல்களில் கடவுச்சீட்டை அலுவலர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள்; அப்படியானால் கேபின் அட்டையோடு கடவுச்சீட்டு, விசா பக்கங்களின் நகலையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்? கப்பலைத் தவறவிட்டால்?

கப்பல் புறப்படும் நேரம் ஒன்று, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவது பெரும்பாலும் அரை மணி நேரம் முந்தியது. ஓட்டுநரிடம் இந்த இரண்டையும் சொல்லாதீர்கள். ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஒரு நேரத்தைக் குறித்து, அதற்குள் துறைமுகம் சேர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பிற்பகலில் துறைமுகத்தை ஒட்டிய மார்சாவைச் சுற்றியுள்ள சாலைகள் அடைபட்டால் இந்த ஒன்றரை மணி நேரம்தான் காப்பாற்றும். ஊர்த் திருவிழா நடக்கும் கோடை வார இறுதிகளில் சாலைகளையே மூடிவிடுவதும் உண்டு.

கடிகாரத்தையும் சரிபாருங்கள். கிரேக்கத்தில் மால்டாவைவிட ஒரு மணி நேரம் கூடுதல். அங்கிருந்து வரும் கப்பல் தன் நேரத்தை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். உங்கள் கைப்பேசியோ கரையின் சமிக்ஞையைப் பிடித்துத் தானாக மாறிக்கொள்ளும். இறங்கும் வாசலில் எழுதி வைத்திருக்கும் நேரமும் உங்கள் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தாமதமாகிறது என்று தெரிந்த கணமே, கப்பலின் அன்றாடத் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் எண்ணுக்கு அழைக்க வேண்டும். காலையில் அந்தத் தாளைப் படம் பிடித்து வைத்திருந்தால்தான் இது முடியும். கப்பல் போயே போய்விட்டால் அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உங்களுடையது. சிசிலி என்றால், வல்லெட்டாவிலிருந்து பொட்சால்லோவுக்கு விரைவுப் படகு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். மற்ற இடங்களுக்கு லூக்கா விமான நிலையம். அடுத்த துறைமுகம் ஷெங்கனுக்கு வெளியே இருந்தால் அந்த நாட்டின் விசா விதிகளையும் பார்க்க வேண்டிவரும், கடவுச்சீட்டு கப்பலில் இருந்தால் அதையும் முகவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

சீக்கிரமே திரும்பிவிட்டோம், இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஓட்டுநரின் கணக்கை முடித்துவிட்டு, கரையோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் 2012-இல் திறக்கப்பட்ட மின்தூக்கி இருக்கிறது; 58 மீட்டர் உயரத்தில் அப்பர் பராக்கா தோட்டத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கீழே பார்த்தால் உங்கள் கப்பல் நிற்பது தெரியும். நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தோட்டத்துக்குக் கீழேயுள்ள மேடையிலிருந்து பீரங்கி முழங்கும். கைக்குழந்தை இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். மின்தூக்கியின் அடியிலிருந்து சிறிது தூரத்தில் தைசா என்ற சிறு படகுகள் எதிர்க்கரையில் உள்ள பிர்கு நகருக்கு ஆள் ஏற்றுகின்றன. போய்த் திரும்ப ஒரு மணி நேரம் கையில் இருந்தால் ஏறலாம், குறைவாக இருந்தால் தோட்டத்திலேயே இருந்துவிடுங்கள்.